பீன்யாவுக்கு ஒரு வழியனுப்பு ஜெபம்

எங்களை வெளிநாட்டுக்கு வழியனுப்ப ஜெபம் நடந்த ஞாயிற்றுக்கிழமை ரிச்சர்ட்ஸ் டவுனில் நல்ல மழை. ஆராதனை முடிந்ததும் போதகர் என்னையும் என் கணவரையும் முன்னால் கூப்பிட்டு முழங்காலில் நிற்கச் சொன்னார். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலூரிலிருந்து வந்து, பால் பூத் எங்கே, மாவு மில் எங்கே, எந்தப் பஸ்ஸில் ஏறினால் சிவாஜிநகர் போகலாம் என்று அப்போதுதான் பழகியிருந்தேன். அதற்குள் கனடா என்றார்கள். என் தலையை நான்கைந்து கைகள் அழுத்த, கடலில் போகிறவர்கள், ஆகாயத்தில் போகிறவர்கள், குளிரில் வாடுகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நீண்ட ஜெபம் செய்தார்கள். எழுந்தபோது முழங்கால் மரத்துப் போயிருந்தது. பெண்கள் ஐக்கியத்தின் சார்பில் எங்களுக்கு ஒரு கம்பளி கொடுத்தார்கள். பிறகு எல்லாருக்கும் பிரியாணி.

எங்கள் சபையில் யார் வெளிநாடு போனாலும் இப்படித்தான். கை வைத்து, கம்பளி கொடுத்து, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். அப்படி அனுப்பப்பட்டவர் அடுத்த வாரம் சபையில் தலைகாட்டக் கூடாது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தைவிடக் கடுமையானது. அதற்கு முந்தின வருஷம் ஒரு பையனைத் துபாய்க்கு ஜெபம் செய்து அனுப்பினார்கள். ஏஜென்ட் ஏமாற்றிவிட்டதால் அடுத்த ஞாயிறே அவன் பழைய பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். "ஏம்பா, துபாய் அவ்ளோ கிட்டவா இருக்கு?" என்று அவனைக் கேட்டவர்களில் முதல் ஆள் என் மாமியார்.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பொய் ஆகாது. வாசலில் சோப்பு விற்க வந்த பெண்ணிடம் "வீட்ல பெரியவங்க இல்லை" என்று நான் ஒரு தடவை சொல்லப் போக, உள்ளே இருந்து வேகமாக வந்து, "பெரியவ நான் இருக்கேன். ஆனா சோப்பு வேணாம்" என்று அந்தப் பெண்ணிடமே சொன்னவர். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

என் கணவருக்கு வெளிநாட்டு ஆசை தனக்காக வந்ததில்லை. அவருடைய அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். ரிட்டயர் ஆனதும் உன்னை ஏரோப்ளேனில் கூட்டிப் போய்ப் பனி கொட்டுகிற ஒரு ஊரைக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே இருந்து, ரிட்டயர் ஆவதற்கு முன்பே இறந்துவிட்டார். அப்பா காட்டாததை நான் காட்டுவேன் என்று இவர் மனதில் போட்டுக்கொண்டார். கம்ப்யூட்டர் படித்ததும் அதற்காக, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனியில் சேர்ந்ததும் அதற்காக. கல்யாணமான வாரத்திலேயே, "நாம மொதல்ல போய் வீடு செட் பண்ணிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக்கலாம்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். தேன்நிலவில் மாமியார் பேச்சு கேட்ட முதல் பெண் நானாகத்தான் இருப்பேன்.

ஜெபம் முடிந்த செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து போன் வந்தது. அங்கே பிராஜெக்ட் தள்ளிப் போகிறது, விசா இப்போதைக்கு வராது, ஒரு மாதமாகலாம், ஆறு மாதமும் ஆகலாம் என்றார்கள். விசா கைக்கு வருவதற்கு முன் யார் ஜெபத்துக்கு நாள் குறித்தது என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகை, காணிக்கை, ஏலம் என்று சபை நிரம்பி வழியும், அந்தக் கூட்டத்தில் நம் ஜெபம் எடுபடாது என்று குறித்தவர் அத்தைதான்.

"சரிம்மா, ஞாயித்துக்கிழமை போதகர்கிட்ட சொல்லிடலாம்," என்றார் என் கணவர்.

"என்னன்னு சொல்லுவே?"

"தள்ளிப் போயிருக்குன்னு."

"கம்பளி?"

"திருப்பிக் குடுத்துடலாம்."

"பிரியாணி?"

அத்தை மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "ஜெபம் பண்ணி அனுப்பியாச்சு. அனுப்பிட்டா போயே ஆகணும். எங்கயாவது போங்க" என்றார். நான் சிரித்தேன். என்னைத் தவிர அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனிக்குப் பீன்யாவில் ஒரு பழைய ஆபீஸ் இருந்தது. ஊருக்கு மேற்கே, தும்கூர் ரோட்டில், முழுக்கத் தொழிற்சாலைகளாக இருக்கிற பகுதி. பிராஜெக்ட் வரும்வரை என் கணவர் அங்கே வேலை செய்யலாம் என்றார்கள். பக்கத்திலேயே ஒரு பட்டறைக்காரர் வீட்டின் மாடி காலியாக இருந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிற எங்கள் சபையார் யாரும் பிறந்ததிலிருந்து பீன்யா பக்கம் போனதில்லை, போகப் போவதும் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை கனடா பக்கம், பீன்யா தூரம்.

முதலில் சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு, இரண்டு பெரிய பெட்டிகளோடு கிளம்பினோம். தெருவே கேட்டில் நின்றது. பக்கத்து வீட்டு அம்மா தானும் ஏர்போர்ட்டுக்கு வருவேன் என்று செருப்பு மாட்டிவிட்டார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. அங்க வந்தா நானும் அழுவேன், நீயும் அழுவே. இங்கயே அழுதுடலாம்" என்றார். இரண்டு பேரும் அங்கேயே அழுதார்கள். பத்து மைல் தள்ளிப் போவதற்கு இவ்வளவு கண்ணீரா என்று நினைத்தபடியே நானும் அழுதேன்.

டாக்ஸி முனை திரும்பியதும் என் கணவர் டிரைவரிடம், "ரைட்ல எடுங்க" என்றார்.

"ஏர்போர்ட்டு லெஃப்ட்டு சார்."

"தெரியும். பீன்யா போங்க."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். என் கழுத்தில் சம்பங்கி மாலை, மடியில் கம்பளி. "பீன்யால ஏது சார் ஏர்போர்ட்டு?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. இறக்கிவிட்டுப் போகும்போது மட்டும் என்னிடம், "ஒண்ணும் பேஜார் பண்ணிக்காதீங்கம்மா, எல்லாம் சரியாப் போவும்" என்றார். எங்களை வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வந்த ஜோடி என்று நினைத்திருக்கிறார்.

பீன்யா எனக்கு உண்மையாகவே வெளிநாடுதான். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. காலையில் எட்டு மணி சங்கு ஊதியதும் தெருவெல்லாம் டிபன் டப்பாவோடு ஆட்கள் நடப்பார்கள். பிறகு ஈ காக்கா இருக்காது. கீழே பட்டறையில் லேத் ஓடினால் மாடியில் தண்ணீர்ச் செம்பு நடுங்கும். எந்நேரமும் இரும்பும் எண்ணெயும் கலந்த வாடை. கட்டில், பீரோ எதுவும் இல்லை. கனடாவுக்கென்று கட்டிய பெட்டிகளிலிருந்தே குடித்தனம் நடத்தினோம். கனடாவில் கிடைக்காதே என்று அத்தை போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயைப் பீன்யாவில் தின்று தீர்த்தோம். டிசம்பர் பிறந்ததும் முழங்கால் வரை தொங்குகிற குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு நான்தான் தினமும் வேடிக்கை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஊட்ட ஆய்தா?" என்று கேட்பார். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். ஆகாவிட்டாலும் "ஆய்து, ஆய்து" என்பேன். எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான்.

அத்தை எங்களுக்கு ஒரு எல்லை போட்டிருந்தார். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே வரக் கூடாது. பிரிகேட் ரோடு இல்லை, கமர்ஷியல் ஸ்ட்ரீட் இல்லை, கிறிஸ்துமஸ் கேக் வாங்கும் கடைகள் எதுவுமே இல்லை. மேற்கே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். அதனால் சனி ஞாயிறுகளில் மேற்கே போனோம். மல்லேஸ்வரம் பூக்கடைகளைப் பார்த்தோம். சாங்கி ஏரிக் கரையில் சுற்றினோம். ஊர் பேரே தெரியாத பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினோம். கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்ப்பார். எனக்கு அது பிடித்திருந்தது. மாமியார் இல்லை, சபை இல்லை, ஞாயிற்றுக்கிழமை யார் என்ன சேலை கட்டினார்கள் என்ற பேச்சு இல்லை. கல்யாணமான பிறகு என் புருஷன் எப்படிச் சிரிப்பார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

பிறகு அத்தை போட்டோ கேட்டார். எல்லாரும் கேட்கிறார்களாம். எங்கள் ஊர்சுற்றலின் லட்சணமே மாறிப் போயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் கோட்டைப் போட்டுக்கொண்டு, கேமராவோடு, கன்னட போர்டு இல்லாத, ஆட்டோ இல்லாத, மாடு இல்லாத ஒரு இடத்தைத் தேடி அலைந்தோம். பெங்களூரில் அப்படி ஒரு இடம் கண்டுபிடித்துப் பாருங்கள், தெரியும். கடைசியில் ஒரு பெரிய தொழிற்சாலையின் முன்னால் அழகாகப் புல் வெட்டிய தோட்டம் கிடைத்தது. வாட்ச்மேன் தமிழ்க்காரர், தர்மபுரிப் பக்கம். "வெயில்ல ஏன்மா கம்பளிச் சட்டை? ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டு, உள்ளே விட்டார். வியர்வை சொட்டச் சொட்ட இரண்டு பேரும் குளிரில் நிற்பது போல நின்றோம். ரோலைக் கழுவிப் பார்த்தால், இருந்ததிலேயே நல்ல படத்தில் என் தோளுக்குப் பின்னால் ஒரு எருமை. அதை எடுத்துவிடலாம் என்றேன். அத்தை விடவில்லை. "எம் புள்ளை அனுப்பின போட்டோ" என்று மட்டும் சொல்லி எல்லாருக்கும் காட்டினார். அங்கேயும் எருமை இருக்கிறதே என்று சபையே ஆச்சரியப்பட்டதாம். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. ஜெபம் செய்து அனுப்பப்பட்டவர்கள் வேறு எங்கே இருக்க முடியும்?

அந்த நம்பிக்கையின் பலம் ஒரு சனிக்கிழமை யஷ்வந்தபுரம் மார்க்கெட்டில்தான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. முள்ளங்கி வாங்கிக்கொண்டு நிமிர்கிறோம், எதிரே எங்கள் சபைப் பாடகர் குழுவின் தலைவர். சபை விருந்துக்கு மொத்தமாக வெங்காயம் வாங்க வந்திருக்கிறார். கை எட்டும் தூரம். என் புருஷன், அந்த மகா புத்திசாலி, திகைத்துப் போய் முள்ளங்கி பிடித்த கையையே தூக்கி அவருக்கு வணக்கம் சொன்னார். அவர் பார்த்தார். கண்ணை மூடினார். உதடு அசைந்தது. அவர் கண்ணைத் திறப்பதற்குள் நான் இவரை இழுத்துக்கொண்டு வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். முடிந்தது கதை, மானம் போயிற்று என்று வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கார அம்மா போனுக்குக் கூப்பிட்டார். அத்தை பேசினார். என் கணவரோடு நானும் ரிசீவரில் காதை ஒட்ட வைத்தேன். குரல் கொதித்தது.

"முள்ளங்கி எதுக்குடா வாங்கினே?"

"சாம்பாருக்குத்தாம்மா. என்ன ஆச்சு?"

"அந்த மனுஷன் சபையில எழுந்து நின்னு சாட்சி சொல்லிட்டாரு. வெங்காயம் வாங்கப் போன எடத்துல கர்த்தர் ஒரு தரிசனம் காட்டினாராம். தூர தேசத்துல எம் புள்ளை சந்தோஷமா இருக்கறத பாத்தாராம். கையில முள்ளங்கி இருந்துச்சாம். அதுக்கு என்ன அர்த்தம்னு போதகர் அடுத்த வாரம் பிரசங்கம் பண்ணப் போறாரு."

"நீ என்னம்மா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. அவர் பாத்தது நெசம்தானே? சந்தோஷமாத்தானே இருந்தீங்க?" என்றார் அத்தை. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "நல்லா இருக்கீங்களாடா?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் கேட்டருகே ஆட்டோ நின்றது. பெட்டியும், கழுத்தில் வாடிய மாலையும், கையில் புதுக் கம்பளியுமாக அத்தை இறங்கினார்.

"என்னம்மா இது?"

"புள்ளையைப் பாக்கப் போகணும் போல இருக்குன்னு பெண்கள் ஐக்கியத்துல வாய் விட்டுச் சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அடுத்த ஞாயிறே முன்னால கூப்பிட்டு முட்டி போட வெச்சிட்டாங்க."

"எத்தனை நாள் இருப்பீங்க அத்தை?" என்று நான் கேட்டேன்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி திரும்புனா டிக்கெட்டுக்குக் கட்டுப்படி ஆகாதுன்னு போதகரம்மா சொல்றாங்க."

ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. எனக்கு அழுகை வந்தது. அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டே தாராளமாக அழுதேன்.

ஆனால் பீன்யாவுக்கு வந்த அத்தை வேறு ஆளாக இருந்தார். முதல் ஞாயிறு காலையில் எழுந்து, தலை வாரி, பைபிளை எடுத்துக்கொண்டு, போவதற்கு ஓரிடம் இல்லை என்று ஞாபகம் வந்து கட்டாந்தரையில் உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்தோம். முடிந்ததும், "இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றார். "சுத்தப் போவோம்மா" என்றார் என் கணவர். "அப்ப வாங்க, போலாம்" என்று செருப்பை மாட்டினார்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளில் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வாழ்க்கையில் நின்றுகொண்டு சாப்பிட்டறியாதவர், ஒரு தோசைக் கடை வாசலில் தட்டைக் கையில் ஏந்தி மசால் தோசை சாப்பிட்டு, கையைச் சப்பினார். தும்கூர் ரோட்டில் இருக்கிற சிவகங்கை மலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி தூரம் ஏறிப் பாறையில் உட்கார்ந்து, மிளகாய்த் தூள் போட்ட கொய்யாவைத் தின்றார். குரங்கு வந்து மீதியைப் பறித்துக்கொண்டு ஓடியதும் மூச்சு முட்டச் சிரித்தார். வீட்டுக்கார அம்மாவோடு சாயங்காலம் படியில் உட்கார்ந்து கன்னடத்தில் அவ்வளவு கதை பேசினார். நடுநடுவே என்னைக் காட்டி ஏதோ சொல்லி இருவரும் சிரிப்பார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அதற்காகவே கன்னடம் கற்றுக்கொண்டேன்.

"இங்க என்னை யாருக்கும் தெரியாதுடா. என்ன நிம்மதியா இருக்கு!" என்றார் ஒரு நாள் பஸ்ஸில். ரிச்சர்ட்ஸ் டவுனில் நாற்பது வருஷம் ஒருவர் வாயிலும் விழுந்துவிடக் கூடாது என்று வாழ்ந்தவர். அதைக் கேட்டதும் அவர்மேல் எனக்கு இருந்த பாதிக் கோபம் போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை, தெர்மாகோல் செய்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தோம். உள்ளே ஏதோ மூட்டை பிரிந்துவிட்டது போல. காற்றில் வெள்ளை வெள்ளையாகப் பொடி உருண்டைகள் தெரு முழுக்கப் பறந்தன. எங்கள் தலை, சேலை, புருவமெல்லாம் வெள்ளை. நான் தட்டித் தட்டி அலுத்துப் போனேன். அத்தை நடுத்தெருவில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"தெர்மாகோல்மா, மூக்குல போயிடும்," என்றார் என் கணவர்.

"தெரியுதுடா. அழகா இருக்கு."

அது அடங்கும்வரை அவர் நகரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் என்னிடம் மட்டும், "இதுக்கே இப்படி நிக்கறாங்களே, நெசப் பனியைப் பாத்தா எப்படி இருப்பாங்கன்னு நெனச்சுப் பாரு" என்றார். அந்த ஒரு ஆசைதான் அவரை ஓட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் அன்றைக்கு அது தொற்றிக்கொண்டது. இந்தப் பொம்பளைக்கு நிஜத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று தோன்றியது.

மூன்று மாதம் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் சாமான் கொண்டுபோக வேண்டுமே. மெஜஸ்டிக் கடைகளில் ஃபாரின் சாக்லேட், சென்ட் வாங்கலாம் என்றேன். அத்தை முறைத்தார். கீழே பட்டறைக்காரர் வெளிநாட்டு ஏற்றுமதிக்கென்று பாட்டில் மூடி திறக்கும் சாவி செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டார். "போய் வந்த எடத்துல செஞ்சது" என்று பெண்கள் ஐக்கியத்தில் ஆளுக்கொன்று கொடுத்திருக்கிறார். பாட்டிலே இல்லாத வீடுகளில் அந்தச் சாவிகள் ரொம்ப நாள் ஷோகேசில் இருந்தன.

திரும்பிப் போன ஞாயிறு அவரைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அம்மா பின்னால் எனக்கு அதை வரி விடாமல் ஒப்பித்தார். போன இடத்தில் காலையில் குளிர் அதிகம் என்று அத்தை சொன்னாராம். ஜனங்கள் நேரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள், தெருவில் வெட்டிப் பேச்சுப் பேசுகிறவர்கள் கிடையாது, பாஷை வேறு, ஆனால் பார்த்ததும் சாப்பிட்டாயா என்று கேட்கிற நல்ல ஜனங்கள் என்றாராம். நடக்கிற தூரத்தில் நம் சபை இல்லாததால் வீட்டிலேயே ஆராதித்தோம் என்றபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். பனி பார்த்தீர்களா என்று யாரோ கேட்க, "வெள்ளையா பறந்துச்சு. சேலையில ஒட்டிக்கிச்சு, தட்டினாலும் போகலை" என்றாராம். ஒரு வார்த்தை பொய் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து உண்மையாகவே விசா வந்தது. எங்களுக்கு மாலை இல்லை, ஜெபம் இல்லை, கம்பளி இல்லை. எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது. ஏர்போர்ட்டுக்கு அத்தை மட்டும் வந்தார். தெரிந்தவர்கள் யாராவது கண்ணில் பட்டுவிடப் போகிறார்களே என்று முக்காட்டை நெற்றி வரை இழுத்துக்கொண்டு தூணோரமாக நின்றார். இந்தத் தடவை அழக்கூட இல்லை. "போய்ச் சேந்ததும் போன் பண்ணு. சீக்கிரம் வீடு பாரு" என்றார். "பாத்ததும் டிக்கெட் அனுப்பறேம்மா, வந்துடணும்" என்றார் இவர். அத்தை தலையை ஆட்டினார்.

கனடாவிலும் சனி ஞாயிறுகளில் ஊர் சுற்றினோம். ஏரி, காடு, அருவி, ஆப்பிள் தோட்டம். எங்கே போனாலும் என் கணவர் முதலில் பார்ப்பது உட்கார பெஞ்ச் இருக்கிறதா, பாத்ரூம் எவ்வளவு தூரம் என்பதைத்தான். அம்மாவால் நடக்க முடியுமா என்று கணக்குப் போடுவார். ஓர் அறையைக் காலியாக வைத்திருந்தோம். டிக்கெட் எடுக்கட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் அத்தைக்கு ஒரு காரணம் இருந்தது. முட்டி வலி என்றார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றார். அறுப்பின் பண்டிகைக்கு ஆள் இல்லை என்றார். அந்த வருஷம் போய், அடுத்த வருஷமும் போயிற்று. ஒவ்வொரு தடவை போனை வைத்ததும் இவர் முகம் தொங்கிப் போவதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு ஞாயிறு, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இவர் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை, கூரை ஒழுகுகிறது என்றார் அத்தை. எனக்கு வந்ததே கோபம். நடுவில் புகுந்தேன்.

"அத்தை, எங்களோட இருக்க உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா நேராச் சொல்லிடுங்க. இவரு ஒவ்வொரு தடவையும் ஏங்கிப் போறாரு. பொய் சொல்ல மாட்டேன்னு சொல்றவங்க நீங்கதானே?"

"கூரை ஒழுகறது நெசம்தாம்மா," என்றார் அத்தை. "ஆனா அதுக்காக இல்லை. நான் அங்க வந்துட்டுத் திரும்புனா, எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்கல்ல? மறுபடி முன்னால நிக்க வெப்பாங்க. பாத்ததைத்தான் நான் சொல்ல முடியும். அது வேற மாதிரி இருக்கும்ல? அப்ப மொதல்ல சொன்னதெல்லாம் என்ன ஆகும்? இப்போதைக்கு நான் சொன்னதுல ஒண்ணும் பொய்யில்லை. நான் வராம இருக்கற வரைக்கும் அப்படியே இருக்கும்."

அந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று தேடினேன், கிடைக்கவில்லை. என் கணவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். ஆனால் ஸ்பீக்கரை அணைக்கவில்லை.

"அப்ப நான் எதுக்கும்மா இங்க வந்தேன்?" என்றார். குரல் உடைந்துவிட்டது. "உனக்குக் காட்டத்தானே?"

"காட்டிட்டியேடா," என்றார் அத்தை. அவ்வளவு இதமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "உங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு. நீ கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டே. நான் பாத்துட்டேன். நல்ல ஊரு."